ஆன்சன் டோரன்ஸ்: ஆடிய கல்லூரியிலேயே 47 ஆண்டுகள் பயிற்சியாளர்

#1 | கோட்டோரம்

அனைவருக்கும் வணக்கம். கல்லூரி அணியில் ஆடி முடித்தபின் அதே கல்லூரியின் தலைமைப் பயிற்சியாளரானவர்கள் அமெரிக்கக் கால்பந்தில் பலர் உண்டு. அவர்களுள் ஆன்சன் டோரன்ஸ் பற்றித் தனியாக ஓர் இழை தொடங்க வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். 2024 ஆகஸ்டில், புதிய பருவம் தொடங்கச் சில நாட்களே இருந்தபோது, வட கரோலினா பல்கலைக்கழக மகளிர் அணியின் பொறுப்பிலிருந்து அவர் விலகினார். 1977இல் அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆடவர் அணிக்குப் பயிற்சியாளராக வந்தவர். 1979இல் மகளிர் அணியையும் ஏற்றுக்கொண்டவர். மகளிர் அணிக்கு மட்டும் 900க்கும் மேற்பட்ட வெற்றிகளையும் 22 தேசியப் பட்டங்களையும் பெற்றுத் தந்திருக்கிறார். அவற்றில் 21 பட்டங்கள் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் தேசிய அமைப்பான என்.சி.ஏ.ஏ. வழங்கியவை, 1981இல் வென்ற முதல் பட்டம் மட்டும் அதற்கு முந்தைய மகளிர் விளையாட்டு அமைப்பான ஏ.ஐ.ஏ.டபிள்யூ. வழங்கியது.

அவர் பிறந்தது 1951இல் பம்பாயில் என்பது நம்மில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். தந்தை எண்ணெய் நிறுவன அதிகாரி என்பதால் கென்யா, எத்தியோப்பியா, சிங்கப்பூர், பெல்ஜியம், சுவிட்சர்லாந்து என்று குடும்பம் ஊர் ஊராக மாறிக்கொண்டே இருந்தது. அவர் வயதை ஒத்த அமெரிக்கச் சிறுவர்கள் பேஸ்பால் மட்டையைத் தூக்கிக்கொண்டிருந்த காலத்தில் இவர் காலில் பந்து ஒட்டிக்கொண்டதற்கு அந்த அலைச்சலே காரணம். டெக்சாஸில் ஒரு கல்லூரியில் சிறிது காலம் இருந்துவிட்டு, வட கரோலினா பல்கலைக்கழகம் உள்ள ஊரான சாப்பல் ஹில்லுக்கு மாறி வந்து, மார்வின் ஆலன் என்ற பயிற்சியாளரின் கீழ் ஆடினார். மூன்று பருவங்களிலும் அட்லான்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ் என்ற கல்லூரி லீக்கின் சிறந்த அணிக்குத் தேர்வானார். 1974இல் ஆங்கிலத்திலும் தத்துவத்திலும் பட்டம் பெற்றுச் சட்டம் படிக்கச் சேர்ந்தார். ஆலன் ஓய்வு பெற்றபோது அந்த இடம் இவருக்கு வந்தது. சட்டப் படிப்பு பாதியில் நின்றது.

நான் விவாதிக்க விரும்புவது இதுதான். ஆட்டக்காரராக இருந்த அந்த மூன்று பருவங்களிலிருந்து அவர் எதைப் பயிற்சியாளர் வேலைக்குள் எடுத்து வந்தார்? அவருடைய வெற்றிக்கு அது காரணமா, அல்லது வேறு ஏதாவதா?

#2 | புதியவன்

நல்ல தொடக்கம், ஐயா. ஒரு அடிப்படைக் கேள்வி. மற்ற நாடுகளில் கால்பந்து என்றால் கிளப்புகள்தான். ஒரு கல்லூரிப் பயிற்சியாளர் உலக அளவில் பேசப்படும் ஆளாக எப்படி ஆனார்? அறியாமையால் கேட்கிறேன், தயவுசெய்து விளக்கவும்.

#3 | கேரிவாசி

கேள்வி மிகவும் சரியானது, தம்பி. நான் சாப்பல் ஹில்லிலிருந்து அரை மணி நேரத் தொலைவில் உள்ள கேரியில் பல ஆண்டுகளாக வசிப்பவன் என்பதால் எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

1972இல் அமெரிக்காவில் டைட்டில் நைன் என்று அழைக்கப்படும் சட்டப்பிரிவு வந்தது. மத்திய அரசின் நிதியைப் பெறும் எந்தக் கல்வி நிறுவனமும் ஆண், பெண் என்று பாகுபாடு காட்டக் கூடாது என்பதே அதன் சாரம். சட்டத்தின் வாசகத்தில் விளையாட்டு என்ற சொல்கூட இல்லை. ஆனால் அது அதிகமாகப் புரட்டிப் போட்டது விளையாட்டு மைதானத்தைத்தான். பெண்களுக்கும் அணி வேண்டும், உதவித்தொகை வேண்டும், பயிற்சியாளர் வேண்டும் என்ற கட்டாயம் பல்கலைக்கழகங்களுக்கு ஏற்பட்டது. பெண்களுக்கான முழுமையான தொழில்முறை லீக் 2001இல்தான் அங்கே தொடங்கியது. அதுவும் மூன்று பருவங்களில் மூடப்பட்டது. ஆகவே ஏறத்தாழ இருபது ஆண்டுகள், ஒரு பெண் உயர்ந்த தரத்தில் நாள்தோறும் பயிற்சி பெற்று ஆடக்கூடிய ஒரே இடமாகக் கல்லூரி மட்டுமே இருந்தது. உலகின் பல நாடுகள் பெண்கள் ஆடுவதையே கண்டுகொள்ளாமல் இருந்த காலம் அது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

1979இல் வட கரோலினாவின் விளையாட்டுத் துறை இயக்குநராக இருந்தவர் பில் கோபி. மாணவிகள் தாங்களே நடத்தி வந்த கால்பந்துக் குழுவைப் பல்கலைக்கழகத்தின் அதிகாரப்பூர்வ அணியாக உயர்த்தலாமா என்று பார்த்துச் சொல்லும்படி, ஆடவர் அணிப் பயிற்சியாளராக இருந்த டோரன்ஸிடம் அவர் கேட்டார். பார்க்கப் போனவரே அந்த அணிக்கும் பயிற்சியாளரானார். 1988 வரை இரண்டு அணிகளும் அவர் கையில் இருந்தன. 1986இல் தேசிய மகளிர் அணியும் சேர்ந்துகொண்டது. ஆகவே இரண்டு ஆண்டு காலம் மூன்று அணிகளுக்கு ஒருவரே பயிற்சியாளர். 1987இல் அவருடைய மகளிர் அணி தேசியப் பட்டம் வென்றது. ஆடவர் அணி தேசிய அரையிறுதி வரை சென்றது. ஆடவர் அணியை இங்கே குறிப்பிடக் காரணம், அவர் பெண்கள் ஆட்டத்தால் மட்டும் பெயர் பெற்றவர் என்ற எண்ணம் பலருக்கும் இருப்பதுதான்.

#4 | நடுக்களம்

மூவருக்கும் வணக்கம். எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக, நான் நெடுநாளாக நம்பி வரும் மாற்றுக் கருத்தை முன்வைக்கிறேன்.

கணக்கைப் பாருங்கள். 1982இல் முதல் என்.சி.ஏ.ஏ. மகளிர் கால்பந்துத் தொடர் நடந்தபோது அதில் இருந்தவை 12 அணிகள் மட்டுமே. அந்த ஆண்டு முதல் 2000 வரை நடந்த 19 தொடர்களில் வட கரோலினா வென்றவை 16. 1985இல் ஜார்ஜ் மேசன், 1995இல் நாட்ரே டாம், 1998இல் ஃபுளோரிடா ஆகிய மூன்று அணிகள் மட்டுமே இடையில் புகுந்தன. ஆனால் 2001 முதல் 2023 வரையிலான 23 தொடர்களில் டோரன்ஸின் அணி வென்றவை ஐந்துதான்: 2003, 2006, 2008, 2009, 2012. இன்று தொடரில் ஆடுபவை 64 அணிகள். முதல் நிலைப் பிரிவில் மகளிர் அணி வைத்திருக்கும் பல்கலைக்கழகங்கள் 300க்கும் மேல்.

கடையைத் தெருவில் முதலில் திறந்தவருக்குக் கூட்டம் வருவது இயல்பு. நாட்டின் சிறந்த பெண்கள் எல்லோரும் ஒரே கல்லூரியைத் தேடிச் செல்லும் நிலை இருந்தால், பயிற்சியாளரின் திறமையை எப்படிப் பிரித்துப் பார்ப்பது? அவரைக் குறைத்துப் பேசுவது என் நோக்கம் அல்ல. தொடக்க காலத்தின் சாதகத்தைக் கழித்துவிட்டு மீதி என்ன என்று பார்க்க வேண்டும் என்கிறேன்.

#5 | கோட்டோரம்

நண்பர் நடுக்களம் முன்வைத்த கணக்கு சரியானது. அதை மறுக்கப் போவதில்லை. முன்னதாகத் தொடங்கியதன் சாதகம் இருந்தது உண்மை. ஆனால் அந்தச் சாதகம் அவருக்குத் தானாக வந்து வாய்த்தது என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. பெண்களுக்குத் தேசியத் தொடர் ஒன்று வேண்டும் என்று ஏ.ஐ.ஏ.டபிள்யூ. அமைப்பிடம் எடுத்துச் சொன்ன பயிற்சியாளர்களுள் அவரும் ஒருவர்; 1981இல் அந்த முதல் தொடர் சாப்பல் ஹில்லிலேயே நடந்தது. தெருவில் கடை திறந்தவர் என்றீர்கள். அந்தத் தெருவைப் போட்டவர்களிலும் அவர் இருந்தார்.

மேலும், அதே காலத்தில் மகளிர் அணி தொடங்கிய பல்கலைக்கழகங்கள் வேறு பல இருந்தன. அவை ஏன் இந்த உயரத்துக்கு வரவில்லை? இதற்கு விடை தேடும்போதுதான் அவர் ஆட்டக்காரராக இருந்த நாட்களுக்குப் போக வேண்டியிருக்கிறது. டோரன்ஸ் நுட்பம் மிகுந்த ஆட்டக்காரராகப் பேசப்பட்டவர் அல்லர். தோற்பதைத் தாங்க முடியாதவர் என்பதே அவரைப் பற்றி எங்கும் சொல்லப்படுவது. பயிற்சி ஆட்டத்தில்கூட விட்டுக்கொடுக்காத குணம் அது. அந்தக் குணம் அவருக்குள் இருந்தது. அதை இருபது முப்பது பேருக்குள் ஏற்றுவது எப்படி என்பதுதான் அவர் பயிற்சியாளராகத் தீர்க்க வேண்டியிருந்த சிக்கல்.

வழி பக்கத்துக் கட்டடத்திலேயே கிடைத்தது. அதே பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்துப் பயிற்சியாளர் டீன் ஸ்மித் நடத்திய பயிற்சிகளை டோரன்ஸ் போய் உட்கார்ந்து பார்த்தார். அங்கே ஒவ்வொரு பயிற்சியிலும் யார் வென்றார், யார் தோற்றார், யார் எத்தனை முறை பந்தைக் கூடைக்குள் போட்டார் என்று உதவியாளர்கள் விடாமல் குறித்துக்கொண்டிருந்தார்கள். பயிற்சி முடிந்ததும் அந்தக் குறிப்பே அன்றைய தீர்ப்பு. இதை டோரன்ஸ் கால்பந்துக்குக் கொண்டுவந்தார். வேகம், ஓட்ட வலு, ஒற்றைக்கொற்றை மோதல், தலையால் முட்டுவது, கோல் அடிப்பது, சிறு அணிகளாகப் பிரிந்து ஆடும் ஆட்டத்தின் வெற்றி தோல்வி என்று எதையும் விடாமல் எண்ணி, வீராங்கனைகளை வரிசைப்படுத்தி, எல்லோரும் பார்க்கும்படி தாளை ஒட்டினார். இந்த முறைக்கு அவர் வைத்த பெயரைத் தமிழில் ‘போட்டிக் கொப்பரை’ என்று சொல்லலாம்.

இதன் ஆழம் எங்கே இருக்கிறது என்றால், 1980களின் தொடக்கத்தில் வந்த பெண்களுக்குத் தோழியைத் தோற்கடிப்பது ஒரு குற்ற உணர்வைத் தந்தது. சிறு வயதிலிருந்தே அனுசரித்துப் போகும்படி வளர்க்கப்பட்டவர்கள் அவர்கள். 1983இல் ஏப்ரல் ஹைன்ரிக்ஸ் என்ற முன்கள வீராங்கனை சேர்ந்தார். பயிற்சியில் ஒரு பந்தைக்கூட யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். இடித்துத் தள்ளிக்கொண்டு போய் கோல் போடுவார். சக வீராங்கனைகள் பயிற்சியாளரிடம் சென்று இவரை என்ன செய்வது என்று முறையிட்டார்கள். ஹைன்ரிக்ஸை அடக்கி வைத்திருந்தால் அணியில் அமைதி நிலவியிருக்கும். டோரன்ஸ் அதைச் செய்யவில்லை. இவரைப் போல இன்னும் பலரை உருவாக்குவதுதான் தன் வேலை என்று முடிவு செய்தார். தாளில் எண் இருக்கும்போது கடுமையாக மோதுவது தோழிக்குச் செய்யும் துரோகம் ஆகாது. அன்றைய பாடத்தை ஒழுங்காகச் செய்வதாகிவிடும். அந்த அனுமதியைத்தான் அவர் அந்தப் பெண்களுக்கு எண்கள் மூலம் கொடுத்தார் என்பது என் கருத்து.

1990இல் நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். 1986இல் தொடங்கி 103 ஆட்டங்கள் தோல்வியே காணாமல் வந்த அணி, அந்த ஆண்டு செப்டம்பரில் கனெக்டிகட்டிடம் கூடுதல் நேரத்தில் 3-2 என்று தோற்றது. அதே பருவத்தின் இறுதி ஆட்டத்தில் அதே கனெக்டிகட்டை மீண்டும் சந்தித்தபோது முடிவு 6-0. இடையில் இருந்தவை ஏறத்தாழ இரண்டு மாதங்கள். ஆடியவர்களும் அதே பெண்கள்தான். தோல்வியை இப்படித் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் இறுதி ஆட்டத்தன்று காலையில் வருவதில்லை; அது தினசரிப் பயிற்சியில் ஊறியது.

#6 | உடற்கல்வி ஆசிரியை

இந்த இழையை ஆர்வத்தோடு படித்து வருகிறேன். நான் ஒரு பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. கோட்டோரம் ஐயா சொன்ன முறையைப் பற்றி முன்பே கேள்விப்பட்டு, சென்ற ஆண்டு எங்கள் அணியில் செய்து பார்த்தேன். கோடு போட்ட நீள நோட்டு ஒன்றில் பதினெட்டு பெயர்களை எழுதி, ஒற்றைக்கொற்றை ஆட்டத்தின் முடிவுகளை ஒரு மாதம் குறித்து, வரிசையைத் தாளில் எழுதி அறைக் கதவில் ஒட்டினேன். முதல் ஐந்து ஆறு பேரிடம் ஏற்பட்ட மாற்றம் என்னையே வியக்க வைத்தது. ஆனால் கடைசி இரண்டு இடங்களில் இருந்த மாணவிகளில் ஒருத்தி மூன்றாவது வாரம் பயிற்சிக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள். அவள் அம்மாவிடம் பேசித்தான் திரும்ப அழைத்து வர முடிந்தது. அந்தத் தாளைக் கிழித்தது நானேதான்.

டோரன்ஸின் அணியில் கடைசி இடத்தில் இருந்தவளுக்கு என்ன ஆயிற்று? எண்கள் ஒருத்தியை உயர்த்துவதைப் போலவே இன்னொருத்தியை உடைக்கவும் கூடுமே! இதற்கு அவர் என்ன செய்தார் என்று அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

#7 | கேரிவாசி

அம்மா, உங்கள் கேள்வியில்தான் இந்த மனிதரின் வாழ்க்கை முழுவதும் அடங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன். நான் படித்தும் பார்த்தும் அறிந்த வரையில் பதில் சொல்கிறேன்.

ஆடவர், மகளிர் இரண்டு அணிகளையும் ஒரே காலத்தில் நடத்தியதால் அவருக்கு ஓர் ஒப்பீடு இயல்பாகவே கிடைத்தது. ஆண்கள் அணியிடம் பொதுவாக ஒரு குறையைச் சொன்னால், ஒவ்வொருவனும் அது பக்கத்தில் இருப்பவனைப் பற்றியது என்று எடுத்துக்கொள்வான். பெண்கள் அணியிடம் அதே குறையைச் சொன்னால், ஒவ்வொருத்தியும் அது தன்னைப் பற்றியதுதான் என்று மனத்தில் வாங்கிக்கொள்வாள் என்று அவர் பலமுறை பேசியிருக்கிறார். எல்லா ஆண்களும் எல்லாப் பெண்களும் அப்படித்தான் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் இந்தக் கவனிப்பிலிருந்து அவர் எடுத்த நடவடிக்கை முக்கியமானது: மகளிர் அணியில் சத்தம் போடுவதை அவர் குறைத்துக்கொண்டார். குறையைச் சொல்லும் வேலையைத் தாளில் இருந்த எண் செய்தது. ஆறுதலும் ஊக்கமும் அவர் வாயிலிருந்து வந்தன. ஒவ்வொருவரையும் தனித்தனியே அழைத்து உட்கார வைத்து, எண் என்ன சொல்கிறது, அடுத்த மாதம் எதில் முன்னேறலாம் என்று பேசுவது அவருடைய முறையின் மறுபாதி. நீங்கள் செய்து பார்த்தது முதல் பாதி மட்டுமே என்று தோன்றுகிறது, குறையாகச் சொல்லவில்லை.

அணிக்கென்று அவர் வகுத்த விழுமியங்களும் உண்டு. குறை சொல்லிப் புலம்பாமல் இருப்பது, கடினமாக உழைப்பது, ஒருவர்மேல் ஒருவர் அக்கறை கொள்வது போன்றவை அவற்றில் அடங்கும். ஒவ்வொரு விழுமியத்துக்கும் பொருத்தமாக இலக்கியத்திலிருந்தும் வாழ்க்கை வரலாறுகளிலிருந்தும் எடுத்த பகுதிகளை வீராங்கனைகள் மனப்பாடம் செய்ய வேண்டும். பின்பு அவற்றில் தங்கள் தோழிகள் எப்படி இருக்கிறார்கள் என்று மதிப்பெண்ணும் போட வேண்டும். ஆங்கிலமும் தத்துவமும் படித்தவர் என்பது இங்கே தெரிகிறது. ஆட்டத்தில் கடைசி இடத்தில் இருப்பவள் இந்தப் பட்டியலில் முதலிடத்தில் இருக்க வாய்ப்பு உண்டு என்பதைக் கவனியுங்கள்.

முன்கள வீராங்கனை மியா ஹாம் பற்றிய செய்தி பலருக்கும் தெரிந்திருக்கும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பதினான்கு வயதில் அவர் ஆடுவதைப் பார்க்க டோரன்ஸ் போயிருந்தார். எந்தப் பெண் அவர் என்று காட்ட வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட்டாராம். ஆட்டம் தொடங்கிச் சில நொடிகளில் ஒரு மெலிந்த பெண் பந்தை நோக்கிப் பாய்ந்த வேகத்தைக் கண்டதும் தாமே கண்டுகொண்டார். அந்தப் பெண் பதினைந்து வயதில் தேசிய அணிக்கு ஆடினார். 1989இல் சாப்பல் ஹில்லுக்கு வந்தார். அங்கே ஆடிய நான்கு பருவங்களிலும் பட்டம் வென்று, 103 கோல்கள் அடித்தார். ஒரு குளிர்காலக் காலையில் டோரன்ஸ் வேலைக்குக் காரில் சென்றுகொண்டிருந்தபோது, ஆளில்லாத ஒரு மைதானத்தில் யாரோ தனியாக ஓடிக்கொண்டிருப்பதைக் கண்டார். ஓடுவது, குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவது, வியர்வை சொட்ட மறுபடியும் ஓடுவது என்று அது நீண்டது. உற்றுப் பார்த்தபோது அது ஹாம். டோரன்ஸ் காரை நிறுத்தி அவரைக் கூப்பிடவில்லை. அலுவலகம் சென்று, யாரும் பார்க்காத வேளையில் களைத்துக் குனிந்து நிற்பவரே வெற்றியாளர் என்ற பொருளில் ஒரு குறிப்பு எழுதி அவருக்கு அனுப்பினார்.

எனக்கு இதில் பிடித்தது அவர் கூப்பிடாமல் போனதுதான். கூப்பிட்டுப் பாராட்டியிருந்தால் அந்தத் தனிமை கலைந்திருக்கும்.

#8 | நடுக்களம்

கேரிவாசி அவர்களின் விளக்கம் என்னை ஓரளவு அசைத்துவிட்டது. 2012 அணியைப் பற்றி யாரும் சொல்லாததால் நானே சொல்லிவிடுகிறேன், அது என் வாதத்துக்கு எதிரானது என்றாலும். அந்தப் பருவத்தில் ஐந்து தோல்விகளைச் சுமந்துகொண்டு தொடருக்குள் நுழைந்த அணி, இறுதி ஆட்டத்தில் பென் ஸ்டேட்டை 4-1 என்று வென்றது. தொடக்க காலச் சாதகம் எதுவும் எஞ்சியிராத காலம் அது.

ஆனால் ஆட்ட முறை குறித்து ஒரு குறை எனக்கு உண்டு. அமெரிக்கக் கல்லூரி விதிப்படி மாற்று ஆட்டக்காரர்களுக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. வெளியே சென்றவர் இரண்டாம் பாதியில் மீண்டும் உள்ளே வரவும் முடியும். டோரன்ஸ் இதை முழுமையாகப் பயன்படுத்தினார். மூன்று தற்காப்பாளர், நான்கு நடுக்களத்தார், மூன்று முன்களத்தார் என்று அணியை நிறுத்தி, எதிரணியின் கோல் பகுதியிலேயே நெருக்கடி கொடுப்பார். களைத்தவர்களை மொத்தமாக வெளியே எடுத்துப் புதியவர்களை இறக்குவார். உடல் வலு அலையலையாக வந்து மோதும்போது எதிரணிக்கு மூச்சு விட நேரம் இருக்காது. கல்லூரி ஆட்டத்தில் இது வெல்லும். மாற்று ஆட்டக்காரர்களுக்கு வரம்பு உள்ள சர்வதேச ஆட்டத்தில் இது எப்படி நிற்கும்? பந்தை நிதானமாகக் கைமாற்றி ஆடும் பழக்கம் அமெரிக்கப் பெண்களுக்கு வெகு தாமதமாக வந்ததற்கு இந்த முறையும் ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன்.

#9 | கோட்டோரம்

நடுக்களம் அவர்கள் தமக்கு எதிரான சான்றைத் தாமே எடுத்து வைத்ததற்கு நன்றி. சர்வதேச ஆட்டத்தைப் பற்றிய கேள்விக்கு 1991 பதில் சொல்லும்.

1986இல் தேசிய அணியை ஏற்றபோது அந்த அணிக்கு வயது ஒன்றுதான். அதற்கு முந்தைய ஆண்டு இத்தாலியில் நடந்த ஒரு சிறு தொடரில்தான் முதன்முதலாக ஆடியிருந்தது. டோரன்ஸ் செய்த துணிச்சலான காரியம், அனுபவசாலிகளில் பலரை விலக்கிவிட்டு மியா ஹாம், கிறிஸ்டின் லில்லி, ஜூலி ஃபௌடி போன்ற பள்ளிச் சிறுமிகளை அணியில் சேர்த்தது. அன்று பதினைந்து பதினாறு வயதில் வந்த அந்தச் சிறுமிகள்தான் அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்கு உலக மகளிர் கால்பந்தின் முகமாக இருந்தார்கள்.

1991இல் ஹைட்டியில் நடந்த தகுதிச் சுற்றில் அந்த அணி ஐந்து ஆட்டங்களில் 49 கோல்கள் அடித்தது, ஒன்றுகூட வாங்கவில்லை. நவம்பரில் சீனாவில் முதல் உலகக் கோப்பை. அந்தத் தொடருக்கு உலகக் கோப்பை என்ற பெயரைக் கொடுக்கவே ஃபிஃபா அப்போது தயங்கியது. ஆட்டங்களும் 90 நிமிடங்களுக்குப் பதிலாக 80 நிமிடங்கள்தான். மிஷெல் ஏக்கர்ஸ், கேரின் ஜென்னிங்ஸ், தலைவி ஏப்ரல் ஹைன்ரிக்ஸ் ஆகிய மூவரும் முன்களத்தில். அரையிறுதியில் ஜெர்மனியை 5-2 என்று வென்றபோது ஜென்னிங்ஸ் மூன்று கோல்கள் போட்டார்.

நவம்பர் 30 அன்று குவாங்சோவில் நார்வேயுடன் இறுதி ஆட்டம். 20ஆவது நிமிடத்தில் ஷானன் ஹிக்கின்ஸ் அடித்த ஃப்ரீ கிக்கை ஏக்கர்ஸ் தலையால் முட்டி கோலாக்கினார். சற்று நேரத்தில் நார்வேயின் லிண்டா மெடாலன் சமன் செய்தார். ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போகும் என்று எல்லோரும் நினைத்த 78ஆவது நிமிடத்தில், ஹிக்கின்ஸ் நீளமாக ஒரு பந்தை முன்னே அனுப்பினார். அதை எடுத்த நார்வே தற்காப்பாளர், ஏக்கர்ஸ் முதுகுக்குப் பின்னால் நெருங்கி வருவதை உணர்ந்து, தன் கோல்கீப்பருக்குப் பந்தைத் திருப்பித் தட்டினார். தட்டியதில் வேகம் போதவில்லை. ஏக்கர்ஸ் இடையில் புகுந்து, கோல்கீப்பரைச் சுற்றிக்கொண்டு போய், காலியாக இருந்த வலைக்குள் பந்தைத் தள்ளினார். 2-1.

அந்த கோல் தற்காப்பாளரின் தவறால் விழுந்தது என்பார்கள். எண்பது நிமிட ஆட்டத்தின் 78ஆவது நிமிடத்திலும் ஒரு முன்கள வீராங்கனை எதிரணியின் தற்காப்பாளரைத் துரத்திக்கொண்டிருந்ததால்தான் அந்தத் தவறு நிகழ்ந்தது. மாற்று ஆட்டக்காரர்கள் அலையாக இறங்கிய கதை அல்ல இது. அதே கால்கள் கடைசி வரை ஓடியிருக்கின்றன. ஹிக்கின்ஸும் சாப்பல் ஹில் மாணவி என்பதைச் சொல்ல வேண்டும். அந்த 18 பேர் அணியில் பாதிப் பேர் அந்த ஒரு கல்லூரியில் படித்தவர்கள்.

பந்தைக் கைமாற்றி ஆடும் பழக்கம் தாமதமாக வந்தது என்பதில் உங்களுடன் உடன்படுகிறேன். 1994இல் அவர் தேசிய அணியை டோனி டிசிக்கோவிடம் விட்டுவிட்டுக் கல்லூரிக்கே திரும்பிவிட்டார். உலகக் கோப்பை வென்ற ஒருவர் கல்லூரியைத் தேர்ந்தெடுத்தது எனக்கு ஒருபோதும் வியப்பாக இருந்ததில்லை. நாள்தோறும் பார்க்க முடியாத வீராங்கனைகளிடம் அவருடைய முறைக்கு வேலை இல்லை.

#10 | சட்டப்படி

இதுவரை எழுதியவர்கள் அனைவரும் அறிந்தே தவிர்த்தார்களா என்று தெரியவில்லை. ஆனால் 1998ஆம் ஆண்டு வழக்கைச் சொல்லாமல் இந்த இழை முழுமை பெறாது.

அவருடைய அணியில் ஆடிய இருவர் அவர் மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் பாலியல் துன்புறுத்தல் வழக்குத் தொடர்ந்தார்கள். பயிற்சி வேளைகளில் வீராங்கனைகளின் அந்தரங்க வாழ்க்கை பற்றி நடந்த பேச்சுகளில் அவரும் கலந்துகொண்டார், வினவினார் என்பது குற்றச்சாட்டின் மையம். தாம் செய்தது துன்புறுத்தல் அல்ல என்று அவர் மறுத்து வந்தார். 2004இல் ஒருவருடைய வழக்கு சமரசத்தில் முடிந்தது. அப்போது அத்தகைய கேலிப் பேச்சுகளில் தாம் பங்கெடுத்தது முறையல்ல என்று அவர் எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்டார். மற்றவருடைய வழக்கைக் கீழ் நீதிமன்றம் தள்ளுபடி செய்திருந்தது. 2007இல் நான்காம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு அதை மாற்றி, வழக்கு விசாரணைக்குச் செல்லலாம் என்று தீர்ப்பளித்தது. 2008 ஜனவரியில் பல்கலைக்கழகம் 3,85,000 டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது.

கேரிவாசி அவர்கள் #7இல் ஒவ்வொரு வீராங்கனையையும் தனித்தனியே அழைத்துப் பேசுவதை அவருடைய முறையின் மறுபாதி என்று பாராட்டியிருக்கிறார். அந்த நெருக்கத்துக்குக் கரை எங்கே இருந்தது? உதவித்தொகையும், ஆடும் வாய்ப்பும், தேசிய அணிக்கான கதவும் ஒரே மனிதரின் கையில் இருக்கும்போது, பதினெட்டு வயதுப் பெண் அவர் முன்னால் இந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை என்று எப்படிச் சொல்வாள்? மற்றவர்கள் சிரித்தார்கள் என்பது இதற்குப் பதில் ஆகாது.

#11 | கேரிவாசி

சட்டப்படி அவர்களுக்கு. நான் அறிந்தே தவிர்த்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன், அது சரியல்ல. இங்கே வசிப்பவர்களுக்கு அவர்மேல் உள்ள பற்று அப்படிப்பட்டது. அவர் அணியில் ஆடிய பலர் அவருக்கு ஆதரவாகப் பேசினார்கள் என்பதும் உண்மை. அது வழக்குத் தொடுத்தவர்களின் அனுபவத்தை அழித்துவிடாது என்பதும் உண்மை. உங்கள் கேள்விக்கு என்னிடம் மறுப்பு இல்லை.

#12 | கோட்டோரம்

நானும் தொடக்கப் பதிவிலேயே இதைச் சொல்லியிருக்க வேண்டும். நான் இப்போது பார்ப்பது இது: எண்ணிக் குறிக்கும் வேலையில் அவர் எவ்வளவு கறாராக இருந்தாரோ, பேச்சில் அந்தக் கறாரைக் காட்டவில்லை. தாளில் யாருக்கும் சலுகை கிடையாது என்று விதி வைத்தவர், தம் வாய்க்கு ஒரு விதியும் வைத்துக்கொள்ளவில்லை. சம வயதுத் தோழர்களோடு உடை மாற்றும் அறையில் பேசிய பேச்சை ஆட்டக்காரர் பருவத்திலேயே விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். ஆட்டக்காரரிலிருந்து பயிற்சியாளராக மாறுவதில் அவர் கடக்காமல் விட்ட படி அதுதான் என்று நினைக்கிறேன்.

#13 | புதியவன்

ஒரே ஒரு கேள்வி, ஐயா. அவரிடம் ஆடிய பெண்கள் பயிற்சியாளர்களாக வந்திருக்கிறார்களா?

#14 | கேரிவாசி

வந்திருக்கிறார்கள், தம்பி. ஏப்ரல் ஹைன்ரிக்ஸ் 2000இல் தேசிய அணியின் தலைமைப் பயிற்சியாளராகி, 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்று கொடுத்தார். சிண்டி பார்லோ கோன் போர்ட்லாண்ட் தார்ன்ஸ் அணியின் பயிற்சியாளராக 2013இல் தேசிய மகளிர் லீக்கின் முதல் பட்டத்தை வென்றார். 2020இல் அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவரானார்.

டோரன்ஸ் விலகிய அந்த 2024 பருவத்தில் அவருடைய துணைப் பயிற்சியாளராக இருந்த டேமன் நஹாஸ் இடைக்காலப் பொறுப்பை ஏற்றார். டிசம்பரில் இறுதி ஆட்டம் எங்கள் ஊரான கேரியிலேயே நடந்தது. நான் மகளுடன் சென்றிருந்தேன். வேக் ஃபாரஸ்டை 1-0 என்று வென்றார்கள். 2012க்குப் பிறகு கிடைத்த முதல் பட்டம். டோரன்ஸ் இல்லாத பயிற்சியாளர் இருக்கையைப் பார்ப்பது எனக்குப் புதிதாக இருந்தது. ஆட்டம் முடியும் தறுவாயில் ஒரு கோல் முன்னிலையில் இருந்தபோதும் பந்து போன இடமெல்லாம் வெளிர்நீலச் சட்டைகள் துரத்திக்கொண்டே இருந்தன. மகள் அதைக் கவனித்து, இவர்களுக்குக் களைப்பே வராதா அப்பா என்று கேட்டாள்.

#15 | உடற்கல்வி ஆசிரியை

அனைவருக்கும் நன்றி. சட்டப்படி அவர்களின் பதிவை இரண்டு முறை படித்தேன். நீள நோட்டை மறுபடியும் எடுத்திருக்கிறேன். இந்த முறை வரிசைத் தாளைக் கதவில் ஒட்டப் போவதில்லை. ஒவ்வொருத்திக்கும் அவளுடைய சென்ற மாத எண்ணையும் இந்த மாத எண்ணையும் மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கப் போகிறேன். தனியே பேசும்போது மைதானத்து வேப்பமரத்தடியில், எல்லோர் கண்ணுக்கும் தெரியும் இடத்தில், இரண்டு நாற்காலி போட்டுப் பேசலாம் என்று இருக்கிறேன். சென்ற ஆண்டு நின்றுபோன அந்த மாணவி இந்த ஆண்டு வலப்பக்கத் தற்காப்பில் ஆடுகிறாள். முதல் சீட்டு அவளுக்குத்தான்.